பாக்கெட்டின் முன்பக்கம் ஒன்று சொல்லும், பின்பக்கம் வேறு சொல்லும்

2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், இந்திய நிறுவனங்களின் மசாலாப் பொடிகளில் எத்திலீன் ஆக்ஸைடு (கிருமி கொல்லப் பயன்படுத்தும் ரசாயனம்) இருப்பதாகச் சொல்லி ஹாங்காங்கும் சிங்கப்பூரும் அவற்றைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லின. பாலில் கலக்கிக் குடிக்கும் மாவு பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் வைத்து விற்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு சொன்னதும் அதே மாதம்தான். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை, அக்டோபரில் பானங்களின் பெயரில் ‘ஓஆர்எஸ்’ (பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்று போடுவதற்குத் தடை.

இத்தனை செய்தியும் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரும்போது ஒரே வரியாகிவிடுகிறது: “எல்லாத்துலயும் கலப்படம், எதையும் வாங்கிச் சாப்பிட முடியாது.” உண்மையில் இவை ஒரே வகைப் பிரச்சினை அல்ல. சட்டம் இவற்றை வேறு வேறாகத்தான் பார்க்கிறது. எந்தச் செய்திக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வாங்கும் பழக்கத்தை மாற்றிக்கொண்டால் போதும் என்பது அந்த வேறுபாடு புரிந்தால்தான் பிடிபடும்.

‘கலப்படம்’ என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு விஷயங்கள்

இந்தியாவில் உணவை ஒழுங்குபடுத்துவது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம். அதன் கீழ் வந்த ஆணையம்தான் நாம் ‘எஃப்எஸ்எஸ்ஏஐ’ என்று பாக்கெட்டில் பார்ப்பது. இந்தச் சட்டத்தை வைத்துப் பிரித்தால் இப்படி வரும்:

1. பாதுகாப்பற்றது. சாப்பிட்டால் உடம்புக்குக் கேடு. பஞ்சுமிட்டாயில் கண்டுபிடித்த ரோடமின் பி துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம்; உணவில் ஒரு சொட்டுகூடச் சேர்க்க அனுமதி இல்லை. மாம்பழத்தைக் கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பதும் தடை செய்யப்பட்டதுதான் (எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்தலாம்). சால்மோனெல்லா போன்ற கிருமி வளரும் அபாயம் உள்ள பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு தடை செய்ததும் இந்தக் காரணத்தால்தான். இந்த வகைக் குற்றத்துக்குச் சிறைத் தண்டனை உண்டு. உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை போகலாம்.

2. தரம் குறைந்தது. விஷம் அல்ல, ஆனால் சொன்ன தரம் இல்லை. நீல பாக்கெட் டோன்டு பாலில் 3 சதவீதம் கொழுப்பும் 8.5 சதவீதம் கொழுப்பல்லாத திடப்பொருளும் இருக்க வேண்டும். தண்ணீர் சேர்த்து அது குறைந்தால் இந்த வகையில் சேரும். 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

3. தப்பான லேபிள். உள்ளே இருப்பது ஒன்று, அட்டை சொல்வது வேறு. அல்லது சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. 3 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

4. சட்டப்படி சரி, உடம்புக்குச் சரியில்லை. எந்த விதியும் மீறப்படவில்லை. எல்லாவற்றையும் பின்பக்கத்தில் ஒழுங்காக அச்சடித்திருக்கிறார்கள். ஆனாலும் அதில் சர்க்கரையோ உப்போ கொழுப்போ அளவுக்கு மீறி இருக்கிறது.

முதல் மூன்றுக்கும் அதிகாரி வருவார், மாதிரி எடுப்பார், வழக்குப் போடுவார். நான்காவதற்கு யாரும் வர மாட்டார்கள். மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் கணக்கிட்டது. சர்க்கரை நோய்க்கு உணவு மட்டும் காரணமல்ல. ஆனால் அந்த உணவின் பங்கில் பஞ்சுமிட்டாய்ச் சாயத்துக்கு இடமில்லை, நான்காவது வகைக்கு உண்டு. நம் அச்சமோ முழுக்க முதல் வகையின் மேல்தான் இருக்கிறது.

அந்த அச்சமும் சில சமயம் ஆளை மாற்றி அடிக்கும். 2025 கோடையில் தர்ப்பூசணியில் ஊசி போட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி, வாங்க ஆளில்லாமல் விலை விழுந்தது. அடிபட்டது பயிரிட்ட விவசாயி.

அந்த 14 இலக்க எண் சொல்வதும் சொல்லாததும்

பாக்கெட்டில் ‘எஃப்எஸ்எஸ்ஏஐ’ முத்திரையும் கீழே 14 இலக்க எண்ணும் இருக்கும். “கவர்ன்மென்ட் அப்ரூவ் பண்ணின பொருள்” என்று கடைக்காரர் இதைக் காட்டிச் சொல்வதுண்டு. அது தப்பு. அந்த எண் தயாரிப்பவருக்குக் கொடுத்த உரிமத்தின் எண், அவ்வளவுதான். இந்த ஆள் சட்டத்தின் பார்வைக்குள் இருக்கிறார், பிரச்சினை வந்தால் தேடிப் பிடிக்கலாம் என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்லவில்லை. இந்தப் பொருள் சத்தானது என்று அந்த முத்திரைக்கு அர்த்தமே கிடையாது.

முதல் இலக்கம் 1 என்றால் உரிமம். 2 என்றால் சிறு வியாபாரிக்கான பதிவு. எண் உண்மையா என்று ஆணையத்தின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். தெருமுனையில் விற்கும் முறுக்குப் பாக்கெட்டில் எண்ணே இல்லை என்றால் அதனாலேயே முறுக்கு கெட்டது என்று ஆகாது. ஆனால் வயிற்றைக் கலக்கினால் யாரைக் கேட்பது என்பதற்குப் பதில் இருக்காது.

பின்பக்கத்தைப் படிக்கும் முறை

ஒரு ராகி பிஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்குத்தான், எந்த பிராண்டும் அல்ல. எடை 75 கிராம். முன்பக்கத்தில் ராகிக் கதிர், மண்பானை, ‘பாரம்பரியம்’ என்ற சொல். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இப்படி: ‘ரிஃபைண்டு வீட் ஃப்ளோர், சுகர், எடிபிள் வெஜிடபிள் ஆயில் (பாமோலின்), ராகி ஃப்ளோர் 9%, இன்வெர்ட் சிரப், ரெய்சிங் ஏஜென்ட்ஸ் 500, 503…’

1. வரிசை. சேர்மானப் பட்டியல் எடையில் அதிகமானதிலிருந்து குறைவானதற்கு இறங்கும்; இது விதி. முதலில் நிற்கும் ‘ரிஃபைண்டு வீட் ஃப்ளோர்’ என்பது மைதா. ‘வீட்’ என்ற சொல்லைப் பார்த்துக் கோதுமை என்று நினைத்துவிடுகிறோம். முழுக் கோதுமை என்றால் ‘ஹோல் வீட்’ அல்லது ‘ஆட்டா’ என்று இருக்கும். அப்புறம் சர்க்கரை, அப்புறம் பாமாயில். ராகிக்கு நாலாம் இடம்.

2. சதவீதம். முன்பக்கத்தில் ஒரு பொருளின் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டால், அது எத்தனை சதவீதம் என்று எழுதியாக வேண்டும். இதுவும் விதி, நமக்கு மிகவும் பயன்படுகிற விதி. 75 கிராம் பாக்கெட்டில் 9 சதவீதம் என்றால் ராகி ஏழு கிராம்கூட இல்லை. தேன், பாதாம், நெய், கருப்பட்டி என்று எது படம் போட்டிருந்தாலும் உடனே பின்னால் திருப்பி அந்தச் சதவீதத்தைத் தேடுங்கள்.

3. சர்க்கரையின் மாற்றுப் பெயர்கள். இன்வெர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், கார்ன் சிரப், பழச்சாறு கான்சன்ட்ரேட். நாலைந்து பெயரில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். மால்டோடெக்ஸ்ட்ரின் இன்னொரு ஆள்: ‘சுகர்’ வரிசையில் கணக்குக்கு வராது, மாவுச்சத்தில் சேரும், ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாமும் சேர்க்கப்பட்ட சர்க்கரைதான். இதைச் சொன்னால் நம் ஊரில் கோபம் வரும். ஆனால் கணையத்துக்குப் பாரம்பரியம் தெரியாது.

4. எண்களைக் கண்டு மிரள வேண்டாம். 500 என்றால் சமையல் சோடா. 330 சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருப்பதுதான். 322 லெசித்தின், சோயாவிலும் முட்டையிலும் இருப்பது. கவனிக்க வேண்டியவை வேறு: 102 (டார்ட்ரசின்), 110 (சன்செட் யெல்லோ) போன்றவை செயற்கை நிறமிகள், 621 அஜினோமோட்டோ. இந்தியாவில் எட்டுச் செயற்கை நிறமிகளுக்கு மட்டும் அனுமதி உண்டு, அதுவும் குறிப்பிட்ட உணவுகளில், குறிப்பிட்ட அளவில். பஞ்சுமிட்டாய்த் தடைக்குப் பின் 2024 மார்ச்சில் கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தது நினைவிருக்கலாம்.

5. ‘பெர் சர்வ்’ என்ற கண்கட்டு. ஊட்டச்சத்துப் பட்டியலில் 100 கிராமுக்கு எவ்வளவு என்ற கணக்கு இருக்கும். பக்கத்திலேயே ‘ஒரு பரிமாறலுக்கு’ ஒரு நாளைய தேவையில் எத்தனை சதவீதம் என்றும் இருக்கும். நம் ராகி பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 24 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, ஒரு பரிமாறல் என்பது 2 பிஸ்கட், 15 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பரிமாறலுக்கு 3.6 கிராம். ஒரு நாளுக்கான அளவு 50 கிராம் என்ற கணக்கில் சுமார் 7 சதவீதம். பார்க்க நல்ல பிள்ளை மாதிரி இருக்கிறது. ஆனால் ஸ்கூல் விட்டு வரும் பையன் இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்துவானா? பாக்கெட் முழுக்கத் தின்றால் 18 கிராம், அதாவது 36 சதவீதம்.

ஒரு நாளுக்கான அந்த அளவுகள் ஒரு பெரியவருக்கு 2000 கிலோ கலோரி என்ற கணக்கில் போடப்பட்டவை: கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், டிரான்ஸ் கொழுப்பு 2 கிராம், சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம். ஆறு வயதுக் குழந்தைக்கும் அதே அட்டை, அதே சதவீதம்தான். சர்க்கரைக்கான 50 கிராம் என்பதும் எட்ட வேண்டிய இலக்கு அல்ல, தாண்டக் கூடாத எல்லை. அதில் பாதிக்குள், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சோடியத்தை உப்பாக மாற்ற 2.5-ஆல் பெருக்குங்கள். 100 கிராம் மிக்சரில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. நாள் முழுவதற்குமே 5 கிராம்தான்.

தேதிகளைப் பற்றிச் சுருக்கமாக: ‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பைரி’ தாண்டினால் சாப்பிடக் கூடாது, விற்கவும் கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது மொறுமொறுப்பும் மணமும் அதுவரை நன்றாக இருக்கும் என்ற வாக்கு. 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளில் முன்னது கட்டாயம், பின்னது விருப்பம்.

முன்பக்கச் சொற்களுக்கும் சட்டத்தில் அளவு உண்டு

விளம்பர வாசகங்களில் சிலவற்றுக்கு 2018-ஆம் ஆண்டின் விதிகள் திட்டமான எண்ணைக் கொடுத்திருக்கின்றன. ‘சுகர் ஃப்ரீ’ என்றால் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. ‘லோ சுகர்’ என்றால் திடப் பொருளில் 5 கிராம் வரை. ‘நோ ஆடட் சுகர்’ என்பது வேறு: தனியாகச் சர்க்கரை சேர்க்கவில்லை என்று மட்டும் அர்த்தம். பேரீச்சையிலும் திராட்சையிலும் இயல்பாக இருப்பது இருக்கத்தான் செய்யும். சர்க்கரை நோயாளி ‘சுகர் ஃப்ரீ’யையும் இதையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

‘கொலஸ்ட்ரால் ஃப்ரீ’ என்று கடலை எண்ணெய் பாட்டிலில் போட்டிருப்பது ஒரு வேடிக்கை. கொலஸ்ட்ரால் விலங்கிலிருந்து வரும் உணவில்தான் இருக்கும். எந்தச் செடியின் எண்ணெயிலும் அது பெயருக்குத்தான் உண்டு.

அளவே இல்லாத சொற்கள்தான் ஆபத்து. ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற வகை உணவுச் சட்டத்தில் எங்கும் வரையறுக்கப்படவில்லை. வரையறை இல்லாத சொல்லை மீறவும் முடியாது என்பதால் பல ஆண்டுகள் தாராளமாக ஓடியது. ‘100% பழச்சாறு’ என்ற வாசகத்தையும் 2024 ஜூனில் ஆணையம் எடுக்கச் சொன்னது. கான்சன்ட்ரேட்டில் தண்ணீர் ஊற்றி மறுபடி உருவாக்கும் சாறு, பெரும்பகுதி தண்ணீர்தானே.

ஓஆர்எஸ் விவகாரம் இவற்றில் கனமானது. வயிற்றுப்போக்கில் நீர் இழந்த குழந்தைக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு உண்டு: லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், கூடவே சோடியமும் பொட்டாசியமும் சிட்ரேட்டும். பெயரில் ‘ஓஆர்எஸ்’ சேர்த்து மருந்துக் கடைகளில் விற்ற சில பெட்டிப் பானங்களில் சர்க்கரை அதைவிடப் பல மடங்கு. சர்க்கரை மிகுந்தால் அது குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். நிற்க வேண்டிய பேதி கூடும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் பேசிவந்தார். ஆணையம் 2022-இல் ஒருமுறை தடுத்தது. பிறகு, ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓஆர்எஸ் அல்ல’ என்ற வரியைப் போட்டால் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தது. 2025 அக்டோபரில்தான் அந்தச் சலுகை முழுக்கப் போயிற்று. பெரிய எழுத்தில் ஒரு பெயரும் சின்ன எழுத்தில் அதற்கு மறுப்பும் ஒரே அட்டையில் மூன்று ஆண்டுகள் இருந்தன. நள்ளிரவில் வாந்தி எடுக்கும் குழந்தையோடு மருந்துக் கடையில் நிற்பவர் எதைப் படித்திருப்பார்?

லேபிளே இல்லாத உணவு

நாம் வாங்குவதில் பெரும்பங்கு பாக்கெட்டில் வருவதில்லை. இனிப்புக் கடைத் தட்டில் இருக்கும் லட்டுக்கும் மைசூர்பாகுக்கும் எந்தத் தேதி வரை சாப்பிடலாம் என்று தட்டின் முன்னால் எழுதி வைக்க வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் இது கட்டாயம். உங்கள் தெருக் கடையில் அந்தச் சீட்டு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

சந்தேகம் வந்தால் என்ன செய்யலாம்? ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியில் புகார் கொடுக்கலாம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமும் போகலாம். தமிழ்நாட்டில் கிண்டி, சேலம், கோவை, தஞ்சாவூர், மதுரை, பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி வாங்கியவரே கட்டணம் கட்டி ஆய்வுக்குக் கொடுக்கலாம், குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஆய்வுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். நடைமுறையில் யார் அப்படிச் சொல்லி வாங்குவார்கள் என்பது வேறு கேள்வி. எதுவானாலும் பில்லையும் பேட்ச் எண் உள்ள பாக்கெட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நட்சத்திரமா, எச்சரிக்கையா?

நான்காவது வகைக்கு வருவோம். பின்பக்கத்தைப் படித்துக் கணக்குப் போட எல்லோருக்கும் நேரமில்லை என்பதால், முக்கியமானதை முன்பக்கத்திலேயே காட்டச் சொல்வது உலகமெங்கும் நடக்கிறது. எப்படிக் காட்டுவது என்பதில்தான் சண்டை.

2022 செப்டம்பரில் ஆணையம் வெளியிட்ட வரைவு, அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. ஆஸ்திரேலியாவில் இருப்பதைப் போன்றது. இதில் கூட்டல் கழித்தல் உண்டு: சர்க்கரைக்குக் கழிப்பார்கள், நார்ச்சத்துக்கோ பருப்புக்கோ கூட்டுவார்கள். அதனால் பாலில் போட்டுச் சாப்பிடும், சர்க்கரை நிறைந்த ஒரு காலை உணவு சீரியல், கொஞ்சம் ஓட்ஸைச் சேர்த்து இரண்டு நட்சத்திரத்தை மூன்றாக்கிக்கொள்ள வழி இருக்கிறது. நட்சத்திரம் என்பதே நம் மனத்தில் பாராட்டு. ஒரு நட்சத்திரம்கூடப் பரிசு மாதிரி தெரியும்.

தென் அமெரிக்க நாடான சிலி 2016-இல் வேறு வழி எடுத்தது. சர்க்கரையோ உப்போ கொழுப்போ கலோரியோ எல்லையைத் தாண்டினால் பாக்கெட்டின் முன்னால் கறுப்பு எண்கோணம், உள்ளே ‘இது அதிகம்’ என்ற வாசகம். கூட்டிக் கழிக்க இடமில்லை. குழந்தைகளுக்கான விளம்பரத்துக்கும் பள்ளிகளில் விற்பதற்கும் சேர்த்தே கட்டுப்பாடு போட்டார்கள். அதன் பின் அந்த முத்திரை பெறும் அளவுக்குச் சர்க்கரை உள்ள பானங்களை மக்கள் வாங்குவது ஏறக்குறைய 24 சதவீதம் குறைந்தது.

சிங்கப்பூரில் 2022 டிசம்பர் இறுதியிலிருந்து பானங்களுக்கு ஏ முதல் டி வரை எழுத்து. 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை என்றால் டி, அதற்கு விளம்பரமே செய்ய முடியாது. இலங்கை 2016 ஆகஸ்டிலேயே பானங்களுக்கு நிற வட்டம் கொண்டுவந்துவிட்டது: 100 மில்லியில் 2 கிராமுக்குக் கீழ் பச்சை, 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு, நடுவில் மஞ்சள். யாழ்ப்பாணத்துக் கடையில் சோடா எடுக்கும் பிள்ளைக்குச் சதவீதக் கணக்கு தேவையில்லை, சிவப்பா பச்சையா என்று பார்த்தால் போதும்.

இந்தியாவில் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஏப்ரலில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு மூன்று மாதத்தில் முடிவு செய்யச் சொன்னது; ஜூலையில் இன்னும் மூன்று மாதம் நீட்டித்தது. நட்சத்திரத்துக்குத் தொழில்துறையின் ஆதரவு அதிகம், எச்சரிக்கை முத்திரைக்குப் பொது சுகாதார ஆட்களின் ஆதரவு அதிகம். யாருக்கு எது வசதி என்பதிலேயே எது வேலை செய்யும் என்பதற்கான குறிப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று மொழி. லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும் என்பதுதான் விதி. வேறு மொழியும் சேர்க்கலாம், கட்டாயமில்லை. அதனால்தான் அந்த ராகி பிஸ்கட் அட்டையில் ‘பாரம்பரியம்’ பெரிய தமிழ் எழுத்தில் வருகிறது, மைதா மட்டும் ‘ரிஃபைண்டு வீட் ஃப்ளோர்’ என்று ஆங்கிலத்தில் பின்னால் போய் உட்காருகிறது. ஆங்கிலம் படிக்காத ஒருவர் உசிலம்பட்டியில் கடையில் நின்று அந்தப் பாக்கெட்டைப் புரட்டினால், அவரால் படிக்க முடிந்தது விளம்பரம் மட்டும்தான்.